பூசணி விதைப் பொட்டலத்தில் வந்த புதினம்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் நூலகர் சுலைகா அம்மையார் அவர்களே! முன்வரிசையை முழுதும் பிடித்துக்கொண்ட முதியோர்களே! மடியில் பிள்ளையும் விழியில் பிரியமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! அலையோசைக்கும் அடங்காத அலெக்சாந்திரியா மக்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

புத்தக வெளியீட்டில் பூசணி விதை வறுக்கும் இந்த மெத்வல்லிக்கு என்ன வேலை? கேட்கிறீர்கள். மேடையேறும்போது என் மனைவியும் இதையேதான் கேட்டாள்.

பள்ளி ஆசிரியை இன்ஷிராஹ் அம்மையார் பதினோரு ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய ஒரே புதினம் இது. கற்பனை நாடொன்றின் கதை. அந்நாட்டு அரசு நூல்களை எரிக்காது; எல்லா நூலிலும் கடைசித் தாளை மட்டும் கிழித்துக்கொள்ளும். முடிவு தெரியவேண்டுமா? மனுப் போடு! மாதக்கணக்கில் காத்திரு! விடுவார்களா இதை? தணிக்கை அதிகாரி ரஷ்வான் பாஷா அம்மையாரை அழைத்தார்.

"இது எந்த நாடு, டீச்சர்?"

"கற்பனை நாடுங்க."

"அப்புறம் எப்படி கதையில வர்ற மனு ஆபீஸ் ஃபேன் நம்ம ஃபேன் மாதிரியே கத்துது?"

விழுந்தது தடை! அச்சான பிரதிகளும் போயின, கையெழுத்துப் பிரதியும் போயிற்று. எரிக்கச் செலவாகுமென்று பழைய தாளாக எடைக்குப் போட்டார்கள். வாங்கியவன் யார்? அடியேன்! கைதட்டாதீர்கள் ஐயா, விஷயம் தெரியாமல்தான் வாங்கினேன்.

தாளுக்கு ஒரு பொட்டலம் மடித்தேன். மூன்றாம் நாள் மீன்காரி ஸன்னூபா வந்து நின்றாள்.

"ஏய் மெத்வல்லி! நேத்து எழுபதாம் பக்கம் குடுத்தே. அந்தப் பொண்ணு மனுவோட வரிசையில நிக்குறா. எழுபத்தொண்ணு எங்கடா?"

"அக்கா, நான் விக்குறது விதை."

"விதைய நீயே தின்னு. தாளைக் குடு!"

தின்றது தெரு! தின்று தின்று படித்தது! படித்துப் படித்துத் தின்றது!

ஆட்சி மாறியது, தடை நீங்கியது. ஆனால் நூல் எங்கே? வீட்டுக்கு வீடு பொட்டலங்களை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சேர்ந்தது, கடைசித் தாள் தவிர. ஏன்? அதில் பாதிதான் எழுத்து. 'படிக்கக் குறைவா இருக்கு' என்று ஆரம்பத்திலேயே ஆட்கள் முணுமுணுத்ததால், முதலில் மடித்துக் கொடுத்த ஒன்றிரண்டு போக, மீதிக் கடைசித் தாள்களையெல்லாம் அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டேன். கதையில் அரசு செய்ததை நிஜத்தில் நான் செய்தேன்! கூச்சலிடுங்கள், எனக்குத் தகும்.

"நாலு தடவை எழுதிப் பாத்துட்டேன் மெத்வல்லி. வரமாட்டேங்குதுப்பா" என்று அம்மையார் அழுதார். வறுக்கும் சட்டியைவிட என் நெஞ்சு அதிகமாக வெந்தது.

ஒருநாள் பகலில், ஓய்வுபெற்ற ரஷ்வான் பாஷா கடைக்கு வந்தார்.

"உப்பில்லாம கால் கிலோ குடு. தாள் நானே கொண்டாந்திருக்கேன்."

நீட்டினார். கடைசித் தாள்!

"பாஷா, தடை போட்டதே நீங்கதானே?"

"தடை போட முப்பது பக்கம் படிச்சாப் போதும்ப்பா. மீதிய உன் கடையில தின்னுதான் படிச்சேன். இந்தத் தாளும் ஆரம்பத்துல நீ மடிச்சுக் குடுத்ததுதான். பிரஷர் ஏறினதே அதனாலதான்." குரலைத் தாழ்த்தினார். "இதை மட்டும் மடிச்சிடாதே."

அவர் இதோ தூண் மறைவில் நிற்கிறார். யாரம்மா அது செருப்பைத் தேடுவது? வேண்டாம்! தடுத்தவனையே தவிக்கவைத்த எழுத்தை எந்த முத்திரை தடுக்கும்? எந்த மூட்டை மறைக்கும்? வாருங்கள் பாஷா! முதல் பிரதியை உங்களுக்கே தருவேனென்று அம்மையார் அடம்பிடிக்கிறார். கடைசித் தாள் இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. வாசலில் சூடாக விதை இருக்கிறது. இன்றுமுதல் பொட்டலம் வெள்ளைத்தாளில் மட்டுமே. கதை வேண்டுவோர் புத்தகத்தை வாங்குங்கள். ஸலாம்!