பனிமலைப் பொறி, அறுபத்திரண்டாம் பக்கம்

– கடிகாரத்தைப் பார்க்காதே பாப்பா, என்னைப் பாரு. நாளைக்குக் காமிக்ஸ் விழா, நான் மேடையில நிக்கிறேன். எதிர்ல முந்நூறு ரசிகர்கள். கேட்டுக்கோ: "கேப்டன் கொடுக்கு சாகவில்லை! முப்பது வருடங்களாக அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறார்!" எப்படி?

– பாவமா இருக்குண்ணே. கை வலிக்காதா?

– இதுக்குத்தான் தையல்காரித் தங்கச்சிகிட்ட ஒத்திகை பார்க்கக் கூடாதுங்கிறது.

– சட்டைக்கு அளவெடுக்க வந்தவளை உக்கார வெச்சது நீ. ஒரு மணி நேரமா இந்த டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அது சரி, கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?

– கடைவாய்ப் பல்லு. பேச்சை மாத்தாதே.

– தெருவைத் தாண்டினா பல் டாக்டர் வீடு. உன்கூட ஒண்ணாம் வகுப்புலேர்ந்து படிச்சவர்.

– அந்தப் பல்லுப்பய பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே. நாங்க பேசி ஒன்பது வருஷமாச்சு. கேப்டன் செத்துட்டார்னு வாய் கூசாம சொன்னவன் அவன். நாளைக்கு மேடையில எனக்கு எதிர்ப் பேச்சே அவன்தான்.

– ஒரு பொம்மைப் புத்தகத்துக்காகவா ஒன்பது வருஷம்?

– பொம்மைப் புத்தகமா? கேட்டுக்கோ. இப்ப வர்ற காமிக்ஸ் எல்லாம் பளபளன்னு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. எங்க காமிக்ஸ்ல சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழியும். கேப்டனோட உதடு மூக்குல இருக்கும். அதுலதான் ஒரு வேகம்! அடிக்கிறவன் எவன், வாங்குறவன் எவன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். வாசகனை மதிச்சாங்கம்மா.

– ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விக்கிறவனுக்கு மூக்குல உதடு இருந்தா பிடிக்குதாம்.

– சிரி. அந்தக் கால வீடியோ கேமும் அப்படித்தான். மூணு உயிர். மூணும் போச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பி. இப்ப இருக்கிறதெல்லாம் செத்தவனை அதே இடத்துல எழுப்பி உக்கார வெக்குது. அது விளையாட்டா? ஆஸ்பத்திரி!

– அதான் அந்தப் பழைய கேம் மெஷினுக்குத் தனி அலமாரியா? ஒரு ஸ்டிக்கில மட்டும் பட்டன் தேஞ்சு போயிருக்கு. இன்னொண்ணு ஏன் உறைக்குள்ள இருக்கு?

– ரெண்டாவது ஆள் ஸ்டிக்கு அது. தூசி படாம இருக்கட்டும்னு.

– ஒன்பது வருஷமாவா?

– ...அளவெடுக்கத்தானே வந்தே? எடு.

– கையைத் தூக்கு. நெஞ்சு முப்பத்தெட்டு. வயிறு... வேண்டாம், நானே எழுதிக்கிறேன். அது சரி, கயித்துல தொங்குற கதை எப்படித்தான் முடியுது?

– முடியாது. அதான் பாயிண்டே! "பனிமலைப் பொறி." அறுபத்திரண்டாம் பக்கம், கடைசிக் கட்டம். கயிறு ஒரே ஒரு இழையில நிக்குது. கேப்டன் மேல பார்த்துச் சிரிக்கிறார். அவ்வளவுதான். புத்தகம் முடிஞ்சுது. எவ்வளவு பெரிய கலைஞன் பாரு! மிச்சத்தை நம்ம கையில விட்டுட்டுப் போயிட்டான்.

– கவருக்குள்ள இருக்கே, இதுவா?

– தொடாதே! கையுறை போட்டுக்கோ. வெளிய எடுக்காதே, காத்துப் பட்டா தாள் மஞ்சளாயிடும்.

– எடுக்கலை சாமி. அட்டையில என்னமோ போட்டிருக்கே. "திகில்! மர்மம்! 64 பக்கங்கள்!"

– அது முன்னட்டை ஒண்ணு, பின்னட்டை ஒண்ணு. சேர்த்து எண்ணியிருப்பாங்க.

– அண்ணே, இந்தப் புத்தகம் நமக்குத் தபால்லதானே வந்துச்சு?

– ஆமா. நான் டியூஷன் போயிருந்தேன். வந்து பார்த்தா மேஜை மேல இருந்துச்சு. அடுத்த மாசமே அந்த மெஷினும் வந்துச்சு, சிறந்த வாசகர் பரிசு. நான் விண்ணப்பம்கூடப் போடலை தெரியுமா? அவங்களாத் தேடிப் பிடிச்சு அனுப்பினாங்க.

– அவங்களாவா? பன்னிரண்டு வயசுப் பையனையா?

– தகுதி இருந்தா தானா வரும்மா. ஏன் உக்காந்துட்டே? ஏன் வாயைப் பொத்திக்கிறே?

– அண்ணே, உனக்கு ஏற்கெனவே பல்லு வலி. நெஞ்சு வலியும் வந்துடக் கூடாது. அது குலுக்கல் பரிசு. கூப்பன் வெட்டி அனுப்பணும், புத்தகம் வந்த அன்னைக்குத்தான் கடைசி நாள். நீ தினமும் கடை வாசல்ல அந்த மெஷினையே பார்த்துக்கிட்டு நிப்பே. அப்பா வாங்கித் தர மாட்டார்னு எனக்குத் தெரியும். நான்தான் வெட்டி, உன் பேரை எழுதிப் போட்டேன்.

– கூப்பனா? எங்கேர்ந்து வெட்டினே?

– கடைசித் தாள்லேர்ந்து. முழுப் பக்கக் கூப்பன்.

– கடைசித் தாளா? அப்போ... அதுக்குப் பின்பக்கம்?

– அறுபத்திமூணாம் பக்கமா இருக்கும். உக்காருண்ணே. தண்ணி குடி.

– முப்பது வருஷம்! நாலு கட்டுரை எழுதியிருக்கேன் பாப்பா. "முடிவின்மையின் அழகு"ன்னு! இவ்வளவு நேரா வெட்டியிருக்கியேடி, அச்சாபீஸ்காரன்கூட இப்படி வெட்ட மாட்டான்.

– எட்டு வயசுல நான் கத்திரி பிடிச்ச முதல் வேலைண்ணே. கொஞ்சம் பெருமையாக்கூட இருக்கு.

– இப்ப நான் என்ன செய்வேன்? அவன்கிட்ட முழுப் புத்தகம் இருக்கும். அதனாலதான் செத்துட்டார்னு அவ்வளவு உறுதியாச் சொன்னான். படிச்சிருக்கான்! நாளைக்கு முந்நூறு பேர் முன்னால பிரிச்சுக் காட்டி என் மானத்தை வாங்குவான். யாருக்கு போன் பண்றே? வை அதை!

– டாக்டரண்ணா, நான் கண்ணாடிக்கடைக்காரர் தங்கச்சி பேசுறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். உங்க "பனிமலைப் பொறி"யில எத்தனை பக்கம்?

– ஏம்மா, வாயில பஞ்சு வெச்சு ஒரு ஆளை உக்கார வெச்சிருக்கேன். இப்பவா இந்தக் கேள்வி?

– அவர் எங்கேயும் போக மாட்டார். சொல்லுங்க.

– அறுபத்திரண்டு.

– டேய் பல்லு! என்னடா சொன்னே?

– யாரு... கண்ணாடியா? நீயாடா பேசுறே?

– நானேதான். உன்கிட்டயும் அறுபத்திரண்டா?

– சரி, இனிமே என்ன மறைக்க? நானும் கதையைப் படிக்கிறதுக்கு முன்னாடியே கூப்பனை வெட்டினேன். தேதி தாண்டிப் போட்டதால குலுக்கல்லயே சேர்க்கலை. பரிசு வாங்கினவன் உன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?

– அப்புறம் எந்த தைரியத்துலடா கேப்டன் செத்துட்டார்னு சொன்னே?

– விண்ணப்பமே போடாம பரிசு வந்துச்சுன்னு நீதானே சொன்னே, அதனால உன் புத்தகம் முழுசா இருக்குன்னு நினைச்சேன்டா! நீதான் கவர்லேர்ந்து எடுக்கவே மாட்டியே. செத்துட்டார்னு சொன்னா கோபத்துல பிரிச்சுக் காட்டுவே, நானும் ஒரு தடவை முடிவைப் படிச்சுக்கலாம்னு பார்த்தேன். நீ வெளிய போடான்னுட்டே.

– சொன்னா போயிடுவியா? ஒன்பது வருஷம் திரும்பியே பார்க்காம?

– நீ மட்டும் எட்டிப் பார்த்தியா? பல்லு வலிக்கு நாலு பஸ் ஸ்டாப் தாண்டிப் போறியாமே. எல்லாம் காதுக்கு வந்துச்சு.

– ரெண்டு பேரும் நிறுத்துங்க! வெட்டினவ நான்தானே? என்னை யாராவது கேட்டீங்களா?

– பாப்பா! நீ படிச்சியா?

– தங்கச்சி! என்ன இருந்துச்சு அதுல?

– நல்லா ஞாபகம் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சொன்னது அப்படியே சரி.

– யாரு சொன்னது?

– போன்ல சொல்ல மாட்டேன் டாக்டரண்ணா. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுத்தான் சொல்வேன்.

– பஞ்சை எடுத்துட்டு இதோ வரேன். டேய் கண்ணாடி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுடாதே!

– வெச்சுட்டார்.

– வரானா? நிஜமாவே வரானா? நாற்காலியில துணியை எடு பாப்பா. அந்த ரெண்டாவது ஸ்டிக்கை உறையிலேர்ந்து எடு. வேண்டாம், நானே எடுக்கிறேன். பாப்பா, அவன் வர்றதுக்குள்ள எனக்கு மட்டும் சொல்லிடு. கேப்டன் இருக்காரா, போயிட்டாரா?

– மெதுவாப் பேசு, மாடிப்படியில சத்தம் கேக்குது. நீ நாலு கட்டுரை எழுதினவன்தானே, சட்டுனு ஏதாவது ஒரு முடிவு சொல்லிக் குடுண்ணே. நான் கூப்பனைத்தான் பார்த்தேன், அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.