பிரிக்காத பொட்டலங்கள்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. டீ நன்றாக இருக்கிறது, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நீங்கள் ராயபுரத்துக்குப் புதுசு. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கப்பல் சாமானை யாரும் உடனே பிரித்துவிட மாட்டோம். துறைமுகத்தில் வேலை பார்க்கிற எவன் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கண்ணாடி அலமாரியில் சீமைச் சோப்பும் பிஸ்கட் டின்னும் சுற்றின காகிதம் கலையாமல் இருக்கும். நல்ல நாள் ஒன்று வரட்டும் என்று வைத்திருப்பார்கள். என் மனைவி ரோசி, கல்யாணத்துக்கு வந்த சோப்பை இன்னும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறாள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான்.

டாக்டர் ஞானபாக்கியம் அம்மாவின் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் பதினாறு வருடமாக என் பொறுப்பு. கத்தியோ நூலோ, நான் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அறுபத்தெட்டில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் டாக்டர், தன் மாலுமிக்கு வைத்தியம் பார்த்ததற்காக ஒரு பெட்டி ஜெலட்டின் ஸ்பான்ஜ் கொடுத்துவிட்டுப் போனார். எட்டுப் பொட்டலம். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசையில் செய்தது. பார்க்க ரஸ்க் மாதிரி இருக்கும், கையில் கனமே தெரியாது. ஈரல் மாதிரி, தையல் நிற்காத இடத்தில் இதை வெட்டி வைத்து அழுத்தினால் ரத்தம் அதிலேயே உறைந்து நின்றுவிடும். திரும்ப எடுக்கக்கூட வேண்டாம், உள்ளேயே கரைந்துவிடும்.

முதல் பொட்டலத்தை ஒரு ரயில்வேக்காரருக்குப் பிரித்தோம். சில நிமிஷத்தில் ரத்தம் நின்றது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மிச்சம் ஏழையும் அன்றைக்கே என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுவருடம் ஸ்டானிஸ்லாஸைத் தூக்கி வந்தார்கள். கப்பலில் சரக்கு இறக்குகிறவன். இரும்புப் பாளம் மோதி ஈரல் கிழிந்திருந்தது. சாராய வாடை குப்பென்று அடித்தது. டாக்டர் அம்மா கையை நீட்டி, "அம்புரோஸ், அந்த ஸ்பான்ஜைக் குடுப்பா" என்றார்கள்.

நான் அவனைப் பார்த்தேன். போயும் போயும் இவனுக்கா என்று இருந்தது. "தீர்ந்துபோச்சும்மா" என்றேன். அம்மா என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டார்கள். துணியை அடைத்து அடைத்துப் பார்த்தும் நிற்கவில்லை.

வெளியே அவன் பெண்சாதி வியாகுலம்மாள் மீன்கூடையோடு நின்றிருந்தாள். "அண்ணே, உள்ள இன்னா பண்ணிகினு கீறாங்க? பொயச்சிக்குவாரா?" என்று கேட்டாள். மாதாவை வேண்டிக்கொள்ளச் சொன்னேன். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு அவன் போய்விட்டான்.

நீங்கள் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி அதையேதான் கேட்கிறீர்கள். ஸ்டானிஸ்லாஸோடு என்ன பகை, பொட்டலத்தை யாருக்கு விற்றாய் என்று. மாதா திருவிழாவில் அவன் என்மேல் கை ஓங்கினது உண்மை. அன்றைக்கே மறந்துவிட்டேன். விற்றிருந்தால், நர்ஸ் அடைக்கலமேரி பீரோவை உடைத்தபோது ஏழும் எப்படி உள்ளே இருந்திருக்கும்? சரி, பகைதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் என் தம்பி தாமஸுக்கு என்ன சொல்வீர்கள்?

போன மாதம், பட்டப்பகலில், எண்ணூர் ரோட்டில் அவனை லாரி அடித்தது. நான்தான் மார்போடு அணைத்துத் தூக்கி மேஜையில் கிடத்தினேன். அப்பா செத்தபிறகு நான் வளர்த்த பிள்ளை. மயக்க மருந்து கொடுக்குமுன் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீ கீறேல்ல அண்ணா, எனக்கு இன்னா பயம்" என்றான்.

அவனுக்கும் ஈரல்தான். அம்மா ரத்தக் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணுகூடவா இல்ல? நல்லாத் தேடிப் பாருப்பா, உன் தம்பி" என்றார்கள்.

சாவி என் இடுப்பில் இருந்தது. தாமஸ் நல்லவன்தான். ஆனால் சீட்டாடுவான், ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வரமாட்டான். நாளைக்கே ஒரு ஃபாதர் இதே மாதிரி அடிபட்டு வந்தால் நான் எங்கே போவேன்? கூடப்பிறந்தவன் என்பதற்காகப் பிரித்துவிட்டால் நியாயமா? "இல்லம்மா" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அந்த அழுகையைத்தான் அம்மா நம்பவில்லை போலிருக்கிறது. தம்பியின் முப்பதாம் நாள் பூசைக்கு நான் லீவு எடுத்த காலையில், பூட்டை உடைக்கச் சொல்லிவிட்டார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இரண்டு பேரையும் சாகவிட்டது நான்தான். நடுவில் வந்த மூன்று பேரின் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே ஒரு தகுதியான ஆள் வந்திருந்தால் ஏழு பொட்டலத்தையும் பிரித்துக் கொடுத்திருப்பேன். நாலு வருடத்தில் அப்படி ஒருத்தர்கூட வரவில்லையே, ஐயா, அதுதான் என் மனசு ஆறவில்லை.