இஞ்சுக்கு ஒரு வருஷம்

– நிறுத்துங்க பாய்! போதும், இழுக்காதீய!

– அரே, என்ன புள்ள இது, அறுப்பு வாள் பாதி மரத்துல நிக்கும்போது கத்துத? நானே நிறுத்தத்தான் இருந்தேன். மன்சூர் அலி! குழியிலேருந்து மேல ஏறு. போயி ஒரு சாயா குடிச்சிட்டு மெதுவா வா.

– எதுக்கு அவரை அனுப்புதீய?

– கீழ நின்னு வாள் இழுக்கிறவன் தலையில மரத்தூள் பொலபொலன்னு கொட்டணும், பேராச்சி. இன்னைக்குப் புட்டு மாவு மாதிரி அப்பிக்கிட்டு விழுது. இந்தா, கையில பிடிச்சுப் பாரு.

– ஈரமா இருக்கு.

– ஈரமாவா? பிழிஞ்சா தண்ணி வரும். முப்பது வருஷமா இந்தத் தாராவியில மரம் அறுக்கேன், இப்படி ஒரு தேக்கைப் பாத்ததில்ல. நாலு இஞ்சுக் கனம். இஞ்சுக்கு ஒரு வருஷம் காய விடணும்னு உன் புருஷன் இசக்கிப்பாண்டிகிட்ட நான்தான் சொன்னேன். கட்டையைப் பாத்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவன் கப்பலேறி எத்தனை வருஷம் ஆகுது?

– சீனாச் சண்டை தொடங்குன ஐப்பசியில போனாக. வார ஐப்பசி வந்தா அஞ்சு.

– அப்ப தட்டுனா கணகணன்னு சத்தம் வரணுமே!

– காயலைல்லா? எங்க அண்ணன் வந்து கேட்டா அப்படியே சொல்லுங்க பாய். இன்னும் நாலு வருஷம் ஆகும்னு சொல்லுங்க.

– நம்பிராஜனுக்கு அதுல என்ன கணக்கு?

– மரம் காயுததுக்குள்ள வந்துருவேன், வந்து ரெண்டு பேருக்கும் கட்டில் செய்வோம்னு சொல்லிட்டுப் போனாக. கடைசிக் கடுதாசி பஸ்ராவுலேருந்து வந்தது. அது வந்தே மூணு வருஷம் ஆயிட்டு. எங்கய்யா ஊர்லேருந்து எழுதிக்கிட்டே இருக்காரு, தாலியை அறுத்துட்டு வேற ஆளைக் கட்டிக்கிடணும்னு. நான் ஒத்தக் கால்ல நின்னேன். மரம் காயட்டும், அதுவரைக்கும் இருப்பேன், காஞ்சும் அவுக வரலைன்னா நீங்க சொல்லுத ஆளுக்குக் கழுத்தை நீட்டுதேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்.

– யா அல்லா. அதான் உங்கண்ணன் காலையில கைவண்டியில ஏத்திக் கொண்டாந்து போட்டுட்டு, ஒரு பலகை அறுத்தாத் தெரிஞ்சிரும்லா பாய்னு கேட்டானா?

– ஐயா அப்படித்தான் எழுதியிருக்காரு. அறுத்துப் பாத்துப் பதில் போடுன்னு.

– சரி, நீ ஒண்ணு சொல்லு. கட்டையை எங்க வச்சிருந்த?

– எங்க கோலி ரூமுக்குள்ளதான், நான் படுக்குத இடத்துக்குப் பக்கத்துல. நீங்க சொன்ன மாதிரி நாலு கல்லு மேல தூக்கி.

– மழைக்குக் கூரை ஒழுகுச்சா?

– தகரம் மாத்தியாச்சு. ஒரு சொட்டு ஒழுகாது.

– பின்ன எப்படிப் புள்ள பாசி வாடை அடிக்கு? மோந்து பாரு, குளத்துப் படிக்கட்டு வாடை. அரே, என் முகத்தைப் பாரு. மரமே சொல்லிட்டு, நீ சொல்ல மாட்டியா?

– காலையில குழாய்ல வரிசையில நின்னா எனக்கு மூணு குடம்தான். சோறு பொங்க, குடிக்க ஒண்ணு. குளிக்க, துவைக்க ஒண்ணு. மிச்சம் ஒண்ணைச் சாக்குல ஊத்தி மரத்து மேல போத்திருவேன்.

– தெனமுமா?

– தெனமும்தான். மரம் காஞ்சுட்டா அவுக இல்லைன்னு ஆயிரும்லா பாய்? மொதல்ல சும்மா ஒரு நாள் ஊத்துனேன். பொறவு ஊத்தாம இருக்க முடியல. அவுகளுக்கு முதுகு தேச்சு விடுத மாதிரி இருக்கும். எனக்கு அவுகளைப் பாக்கணும் பாய். வேற ஒண்ணும் வேண்டாம், ஒரு தடவை பாத்தாப் போதும்.

– பைத்தியக்காரி. என்ன காரியம் பண்ணியிருக்கன்னு தெரியுமா? ஓரத்துல இந்த வெள்ளையைப் பாரு, விரல் வச்சா உள்ள போகுது. அம்புட்டும் உளுத்துட்டு. இதைச் செதுக்கித் தள்ளிட்டா நடுவுல வைரம் பாஞ்ச கட்டை மட்டும்தான் மிஞ்சும். அதுல ரெண்டு பேரு படுக்கக் கட்டில் வராது புள்ள. ஒத்தைக் கட்டில்தான் வரும்.

– அவுக வந்தா ரெண்டு பேரும் தரையில படுத்துக்கிடுவோம்.

– வந்தா, வந்தான்னு சொல்லுதியே, அவன் வருவான்னு உனக்கு யாரு சொன்னா?

– மரம்தான் சொல்லிச்சு. போன வருஷம் டைபாய்டு காய்ச்சல்ல ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன்லா? முப்பது நாளு, ஒரு சொட்டு ஊத்தல. சித்திரை வெயிலு, மேல தகரம் கொதிக்கும். திரும்பி வந்து கதவைத் தொறந்ததும் மொத வேலையா மரத்தைத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு பாய்! நான் ஊத்தாமலே காயல. அன்னைக்குத்தான் எனக்கு உறுதியாச்சு, அவுக உசுரோட இருக்காகன்னு. சாமியே அடையாளம் காட்டிட்டு.

– கண்ணைத் தொடை. உங்கண்ணன் வாரான்.

– அவன்ட்ட என்ன சொல்லுவீய?

– நீ பேசாம நில்லு. வா நம்பிராஜா, வா.

– என்ன பாய், ரெண்டு பேரும் இப்படி நிக்கீய? வாளும் பாதியில நிக்கு. மரம் காஞ்சிருக்கா?

– காயலப்பா. நான் சொன்ன கணக்குத் தப்பாப் போச்சு. ஓடை ஓரத்துல வளந்த மரம் போல. இன்னும் நாலு வருஷம் கிடக்கணும்.

– உங்க கணக்கு என்னைக்கு பாய் தப்பியிருக்கு?

– பாய் பொய்யா சொல்லுவாரு, அண்ணே? நான் ஆஸ்பத்திரியில கிடந்த மாசம்கூட இது காயலைல்லா? அதையும் சேத்து ஐயாவுக்கு எழுது.

– காயலைன்னுதான் எழுதப் போறேன். பாய் வாயால ஒரு வார்த்தை வேணும், அதுக்குத்தான் தூக்கிக்கிட்டு வந்தேன். ஆனா அந்த மாசத்தைப் பத்தி மட்டும் பேசாத, பேராச்சி.

– ஏன் பேசக் கூடாது? அது சாமி காட்டுன அடையாளம்.

– நீ பிழைச்சு வந்தா அதைத்தான் மொதல்ல தொடுவேன்னு எனக்குத் தெரியும்மா. அந்த முப்பது நாளும் ஊத்துனது நான்தான்.