ஏற்றத்தில் ஓட்டம், இறக்கத்தில் சைக்கிள்

“ஓடி ஓடித் தொடை கல்லாயிடுச்சுன்னா, அதுக்குச் சைக்கிள்தானுங்க சார் மருந்து. நீங்களும் மிதிச்சுப் பாருங்க, இந்தத் தொப்பைக்கு நல்லது.”

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார். “சங்கிலி எப்படிச் செத்தான், அதச் சொல்லுடா தேவநேசா.”

அதைத்தான் சொல்ல வந்தேன். தேயிலை விலை விழுந்து எஸ்டேட் ஃபேக்டரியை மூடிய பிறகு எனக்கும் சங்கிலிக்கும் பொழுது நிறைய இருந்தது. சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. ஒருவன் ஓடுவான், மற்றவன் மிதிப்பான், வழியில் மாற்றிக்கொள்வோம். மிதித்தால் மூச்சு நீளும், ஓடினால் ஏற்றத்தை மிதிக்கக் காலுக்கு உரம் ஏறும். இந்த முறை என் கண்டுபிடிப்பு. அதில் நான் தேறினேன். சங்கிலி என்னைவிடத் தேறிவிட்டான். முன்பு நாய் துரத்தினால் கடி வாங்கிக்கொண்டு நிற்பவன் அவன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த பந்தயம். ஜெயிப்பவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு உதவியாளர் வேலை. நிரந்தரம், குவார்ட்டர்ஸ் உண்டு.

“வேல எனக்குத்தான். நீ வேணா வந்து குவார்ட்டர்ஸக் கூட்டிப் பெருக்கு மாப்ள” என்றான் சங்கிலி. நானும் சிரித்தேன்.

வாங்க ஆளில்லாத தேயிலைக் கொழுந்தை ஜெகதளா ரோட்டு வளைவில் கொட்டிவிட்டுப் போவது அப்போது எல்லோருக்கும் வழக்கமாகியிருந்தது. மழையில் ஊறினால் அது வாழைப்பழத் தோல் மாதிரி. ஓரத்தில் குவிந்து கிடந்ததை நான் நடுரோட்டுக்குக் கொஞ்சம் நிரவிவிட்டேன். பாதி வேலையை ஊர் செய்திருந்தது. ஊரை யாரும் விசாரிக்கவில்லை. பிறகு மேலே போய், “எறக்கத்துல நீ மிதி, நான் ஓடி வர்றேன்” என்றேன். கால் சுளுக்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். சரிவில் பாறை இருப்பது தெரியும். அதன் மேலேயே போய் விழுவான் என்று யார் கண்டார்கள்?

நான் வந்து சேர்ந்தபோது, “தூக்குடா மாப்ள” என்றான். சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். முன்சக்கரம் லேசாகக் கோணியிருந்தது, வேறு சேதமில்லை. பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் தசை பிடித்துக்கொள்ளும். ஆகவே மீதி தூரத்தை ஓடி முடித்து, கைகால் நீட்டி மடக்கி, வெந்நீரில் குளித்துவிட்டு ஆள் கூட்டி வந்தேன். அதற்குள் அவன் பேச்சு நின்றிருந்தது.

கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்; இன்ஸ்பெக்டர் எழுதினார்.

“அந்தச் சைக்கிள் உங்க ஸ்டேஷன் வாசல்ல மழையில நனையுதுங்க சார். ஞாயித்துக்கெழம ஒரு நாள் மட்டும் குடுங்க, கோணல நானே நிமித்திக்கறேன். வேணும்னா பின்னாடியே ஜீப்புல வாங்க. சங்கிலிக்காகவுந்தானுங்க ஓடறேன்...”