திறந்து வைத்த பரிமாறு ஜன்னல்

என் பெயர் ஹானோரியா வின்ஸ்லேட். வயது எழுபத்தொன்பது. காலஞ்சென்ற லயனல் வின்ஸ்லேட்டின் மனைவி. யார்க்‌ஷயர், ஆல்டர்ஸ்விக், மில் சந்து, நான்காம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். கன்னிமாடப் பள்ளியில் படித்தேன்.

எங்கள் தேவாலயக் கூடத்தில் செவ்வாய்தோறும் வாசகர் வட்டம் கூடும். முறைவைத்து ஒருவர் புகழ்பெற்ற மேற்கோள்களை வாசிப்பார். அவற்றை ஆசிரியர் பெயருடன் வட்டத்தின் புத்தகத்தில் என் கணவரின் வெள்ளிப் பேனாவால் நான் எழுதுவேன். சென்ற மாதம் ஆறாம் தேதி அந்தப் பேனாவைக் காணவில்லை. கூடத்தின் சாவி என்னிடமும், துப்புரவு செய்யும் மேவிஸ் டப்பரிடமும் மட்டுமே இருந்ததால் மேவிஸ் மீது இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன்.

அதன் பிறகு பதின்மூன்றாம் தேதி வாசிப்பது என் முறை. திருட்டையும் நற்பெயரையும் பற்றிய மூன்று மேற்கோள்களை வாசித்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சமையலறைப் பக்கத்துப் பரிமாறு ஜன்னலை வாசிப்பின்போது மூடிவைப்பது வழக்கம். அன்று அதை நானே திறந்து வைத்தேன். மேவிஸ் அந்தப் பக்கம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உறுப்பினர் லம்லி, "இன்னைக்குத் திருட்டு வாரமா மேடம்? எல்லாரும் அவங்கவங்க ஸ்பூனை எண்ணிக்குங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அதன் பிறகு மேவிஸ் சாவியை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுச் சென்றார்.

நேற்று பாடல் தாள் எடுப்பதற்காகப் பியானோ இருக்கையின் மூடியைத் திறந்தபோது, உள்ளே பேனா இருந்தது. கூடத்தில் பியானோ வாசிப்பவள் நான் ஒருத்திதான். அந்த மூடியை வேறு யாரும் திறப்பதில்லை.

அதன் பிறகு சாவியுடன் மேவிஸின் வீட்டுக்குச் சென்றேன். அவர் என்னை உள்ளே அழைக்கவில்லை. "சாவி வேணாம்மா. கடைக்குள்ள போனா நான் எதை எடுக்கறேன்னு பாக்கப் பின்னாலயே ஒருத்தன் வர்றான். பேரைச் சொல்லித் திட்டியிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். எப்பவோ செத்துப்போனவங்க எழுதி வெச்சதுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றார். கதவு மூடியது.

என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மேவிஸ் டப்பர் எதையும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்தவள் நான்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று வேண்டுமென்று கேட்டேன். எதற்கு என்று அதிகாரி கேட்டார். வட்டத்தின் புத்தகத்தில் அன்றைய மூன்று மேற்கோள்களுக்குக் கீழே, அதே பேனாவால் இதை எழுதி, ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் என் பெயரைப் போட்டு, வரும் செவ்வாயன்று வாசிப்பதற்கு என்றேன். ஜன்னல் திறந்திருக்கும். அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். கண்ணாடி அணிந்து நானும் ஒருமுறை படித்தேன். நடந்தது இதுவே. பெயரைச் சுருக்காமல் கையொப்பமிடுகிறேன்.

ஹானோரியா அகதா வின்ஸ்லேட்