காலிச் சட்டியை யார் அடுக்கினது?

— சும்மா பேச்சை மாத்தாதீங்க அண்ணி. பெட்டி நின்னதுக்குத் தப்பு யார் பக்கமோ அவங்க ஒரு மாசம் வீட்டுல பாத்திரம் கழுவணும். நேத்து அண்ணன் முன்னாடி ஒத்துக்கிட்டீங்களா இல்லையா?

— ஒத்துக்கிட்டேன். அதனாலதான் கேக்கறேன் கொழுந்தனாரே, கிளவுஸ் வாங்கியாச்சா? அடிப்பிடிச்ச குக்கர் ஒண்ணு உனக்காகவே ஊறிட்டு இருக்கு.

— அதைத் தேய்க்கப் போறது நீங்கதான். காலையில இருந்து ஆபீஸ் போன் மொத்தமும் நாம செஞ்ச இந்தப் போன் பெட்டி வழியாத்தான் ஓடுது. நாம இப்பப் பேசறதும் அதுலதான். நேத்து மாதிரி அடைச்சுக்கிச்சா? இல்லையே.

— இந்தா பாரு, வாயை வைக்காத. மேல கூட்டம் ஆரம்பிச்சாச்சா?

— ஆச்சு. என் சீட்டுல இருந்தே கண்ணாடிக் கதவு வழியாத் தெரியுது. பெட்டி வாங்க வந்தவங்க வரிசையா உக்காந்திருக்காங்க. மேஜை நடுவுல போனை வச்சு அவங்க பெரிய ஆபீஸோட பேசறாங்க. பக்கத்துல நம்ம கொட்டாவி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு.

— மேனேஜரை அப்படிச் சொல்லாதடா.

— பேரு வச்சதே நீங்க.

— காரணத்தோட வச்சேன். பெட்டி ஏன் நின்னுச்சுன்னு நேத்து கூப்பிட்டுக் கேட்டாரு. மெமரின்னு ஆரம்பிச்சேன், கொட்டாவி விட்டாரு. சரி, கட்டட வேலையில வச்சுச் சொல்வோம்னு சொன்னேன். கீழ மணல் அள்ளறது நான் எழுதின டிரைவர் புரோகிராம். வயர்ல வர்ற ஒவ்வொரு துண்டுப் பேச்சையும் ஒரு இரும்புச் சட்டியில அள்ளி மேல நிக்கற உன் புரோகிராமுக்கு நீட்டும். நீ கொட்டிட்டுக் காலிச் சட்டியைத் திரும்ப அடுக்குல போடணும். இருக்கறது அளவான சட்டி. ஒவ்வொண்ணா திரும்பாமப் போனா ஒரு நேரம் அடுக்கு காலி. அள்ள ஒண்ணும் இருக்காது, வர்ற மணல் எல்லாம் தரையில கொட்டும், பெட்டி வாயை மூடிக்கும்னு சொன்னேன்.

— புரிஞ்சுச்சாமா?

— சட்டிக்கும் ஒரு கொட்டாவி. வாயைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு, நாளைக்கும் நின்னா டிரைவர் வேலையை வெளியாளுங்க கிட்டக் குடுத்துட்டு உங்களை ரிப்போர்ட் அடிக்க உக்கார வைப்பேன்னு. உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து எழுதிட்டு இருக்கேன் தம்பி அதை. அதைப் போய் எவன் கையிலயோ குடுக்கணுமாம்.

— நிக்காது அண்ணி. நான் சொல்றேன்ல.

— இப்ப யாரு இருமினது?

— நீங்கன்னு நெனச்சேன்.

— மெஷின் ரூம்ல நான் ஒருத்திதான்.

— ஏசியா இருக்கும்.

— ஏசிக்குச் சளி பிடிக்குமா? அது கிடக்கட்டும். நிக்காதுன்னு எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்ற?

— சும்மா ஒரு நம்பிக்கைதான்.

— அண்ணன் வண்டியைக் கீறிட்டு வந்து நின்னியே, அன்னைக்கும் இதே குரல்தான். சொல்லு.

— சிரிக்கக் கூடாது. கெட்டுப்போன துண்டு ஏதாவது வந்தா என் புரோகிராம் அதைத் தூக்கி எறிஞ்சிடும்ல? மணலை எறிஞ்சேன், சட்டியை அடுக்குல போட மறந்துட்டேன். அப்படி ஒவ்வொண்ணா போயித்தான் நேத்து அடைச்சிருக்கு. காலையில சத்தமில்லாம ஒரு வரி சேத்துட்டேன். உங்க வேலையும் தப்பிக்கும், என் கையும் தப்பிக்கும்னு.

— தம்பி, நானும் போட்டுட்டேன்.

— என்னத்தை?

— அதே சட்டியை. உன் தப்புன்னு எனக்கு நேத்தே தெரியும். கொட்டாவிகிட்டப் போட்டுக் குடுக்க மனசு வரல. நீ எறியற துண்டோட சட்டியை என் டிரைவரே எடுத்து அடுக்குல போடற மாதிரி எழுதி வச்சேன்.

— அப்ப பந்தயம்?

— வீட்டுக்குப் போய் உங்கண்ணன் முன்னாடி உன் காதைத் திருகி வாங்கிக்கலாம்னு இருந்தேன்.

— சும்மா இருங்க, யோசிக்க விடுங்க. நானும் போட்டு நீங்களும் போட்டா, இருக்கறது ஒரு சட்டி. அடுக்குக் கணக்குல ரெண்டு.

— ஆமா. ஒரு சட்டியை ரெண்டு பேச்சுக்குக் குடுத்துட்டு இருக்கு. ஒருத்தர் மணல் மேல இன்னொருத்தர் மணல். பெட்டி நிக்காது. எவர் பேச்சோ எவர் காதுலயோ போய் விழும்.

— அப்ப அந்த இருமல்...

— எட்டிப் பாரு. மேல என்ன நடக்குது?

— யாரும் பேசல அண்ணி. எல்லாரும் மேஜை மேல இருக்கற போனையே பாக்கறாங்க. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கிட்டுத் தோள் குலுங்கறாங்க.

— கொட்டாவி?

— குனியறாரு. போன் கிட்ட வாயைக் கொண்டு போறாரு.

— வச்சிடுடா போனை!

— வைக்காதீங்கம்மா, ஒரு நிமிஷம். வந்தவங்களுக்குச் சட்டிக் கணக்கு ரொம்ப நல்லாப் புரிஞ்சிடுச்சு, டிரைவரை வெளியாளுங்களுக்குக் குடுத்தா பெட்டி வேணாங்கறாங்க. அதனால ரெண்டுல எந்த வரியை எடுக்கறதுன்னு சண்டை போட்டு முடிங்க, குக்கரை யார் தேய்க்கறதுன்னு தெரியாம இங்க யாரும் எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க, எனக்கும் இன்னைக்குத்தான் கொட்டாவியே வரல.