ஒற்றைக் கால் மாப்பிள்ளை

நவம்பர் மாதக் கடைசி. மாலை மணி அடித்து ஓய்ந்துவிட்ட நேரம். ஆர்டென் காட்டுப் பாதையில் ஒரே ஒரு குதிரை நொண்டிக்கொண்டு வந்தது…

பொறுங்கள். முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். லாம்பேர், நீ அடுப்புப் பக்கம் வா. நாளைக்கு மேலே கூடத்தில் நடக்கும் கல்யாணத்தில், வர முடியாத மாப்பிள்ளைக்குப் பதிலாகக் கட்டிலில் கால் வைக்கப் போகிறவர் உன் எஜமானர்தானே? அவர் பூட்ஸைக் கழற்றப் போவது நீ. காலையிலிருந்து இதைச் சொல்லியே எங்கள் காதைத் தின்கிறாய். அதனால் இந்தக் கதை உனக்காகத்தான்.

நான் அப்போது ஓட்ரேல் கோட்டையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். என் தோழி மரோத் அங்கே அறைப் பணிப்பெண். குதிரையில் வந்தவர் அவளுடைய தாய்மாமன், கோலார். ஐம்பது வயது. கல்யாணம் ஆகாதவர். முப்பது வருஷமாக ஓட்ரேலை ஆண்ட ரெனியே பிரபுவின் நிழல். பிரபு சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, பிரபு தூங்கிய பிறகு தூங்கினவர். தனக்கென்று ஒரு விளக்கு ஏற்றிக்கொண்டதே இல்லை.

பிரபுவுக்கு வெல்தேன் கோட்டைச் சீமாட்டி ஜாக்மீனை நிச்சயம் செய்திருந்தார்கள். பெண்ணைப் பார்த்தா? ஐயோ! ஆற்றின் மேல் அவளுக்கு மூன்று பாலங்கள் இருந்தன, அதைப் பார்த்து. பிரபுவுக்குக் காய்ச்சல். அவர் சார்பில் கட்டிலில் கால் வைக்கத்தான் கோலார் போய்க்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இவருடைய குதிரை லாடத்தைத் தொலைத்துவிட்டு நொண்டியது.

பின்னால் குளம்புச் சத்தம்…

ஓட்ரேலிலிருந்து வந்த தூதுவன். இறங்கக்கூட இல்லை. கடிதத்தை நீட்டினான், திரும்பிப் போய்விட்டான். மந்திரியின் கையெழுத்து. ‘பிரபு நேற்றிரவு காலமானார். யாரிடமும் மூச்சு விடாதே. கல்யாணம் நடக்கட்டும். சாவுச் செய்தி நாளைக்கு வந்து சேரும்.’

செத்தவனுக்குக் கல்யாணம் ஏது? உண்மை தெரிந்தால் அந்தப் பெண் எழுந்து போய்விடலாம். பாலங்கள் பக்கத்து நாட்டுக்காரன் கைக்குப் போகும். கோலார் குதிரை மேல் உட்கார்ந்தபடியே அழுதார். பிறகு வழியில் கரி சுடுகிறவன் விட்டுப்போன நெருப்பில் கடிதத்தைப் போட்டார். அரக்கு முத்திரை உருகிக் கருகிய நாற்றம் அவர் கையுறையில் அப்பிக்கொண்டது.

அன்று இரவே வெல்தேனில் சடங்கு. பத்து மெழுகுவர்த்தி, இருபது சாட்சிகள், தீர்த்தம் தெளிக்க ஒரு பாதிரியார். கட்டிலில் சீமாட்டி முழு அலங்காரத்தில் படுத்திருந்தாள். நடுவில் உருவிய வாள். இந்தப் பக்கம் கோலார், உடம்பு முழுக்கக் கவசம், வலது கால் மட்டும் முழங்கால் வரை வெறுமை. அந்தக் காலைப் போர்வைக்குள் வைத்தார். வைத்த நிமிஷத்திலிருந்து அவர் கோலார் இல்லை, பிரபு. வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் பிரபு கொடுக்கும் வாக்கு. அதுதான் நம் வழக்கம். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, இல்லையா லாம்பேர்?

ஜாக்மீனுக்கு அப்போது இருபத்தாறு வயது. தாய் தகப்பன் இல்லை. சித்தப்பன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே அவளுடைய பாலங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அவளோடு யாரும் பேச மாட்டார்கள். முகட்டைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

“நெஜமா வருவீங்களா? பேச்சுத் துணைக்கு ஒருத்தர் இருந்தாக்கூடப் போதும் எனக்கு.”

‘அவர் செத்துப்போயிட்டாரும்மா’ என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். கோலார் தலையைத் திருப்பினார். மந்திரியின் ஆள் கையில் மெழுகுவர்த்தியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வருவேன்,” என்றார். “மொதப் பனி விழுறதுக்குள்ள வருவேன்.”

அப்போது… போர்வைக்குள் இன்னொரு கால் அவர் காலை உரசியது. சீமாட்டி இருந்த பக்கத்திலிருந்து இல்லை. வெளிப்பக்கத்திலிருந்து, யாருமே இல்லாத பக்கத்திலிருந்து. கிணற்றடிக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. கோலார் கத்தவில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்படிக் கத்துவார்?

மறுநாள் சாவுச் செய்தி ‘வந்தது’. ஜாக்மீன் ஒரே இரவில் மனைவி, ஒரே காலையில் விதவை. ஓட்ரேலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரம் துக்க அறை. சுவர், தரை, கட்டில், ஜன்னல், எல்லாவற்றிலும் கறுப்புக் கம்பளித் துணி. பாட்டு இல்லை, வெயில் இல்லை, வந்து பார்க்க ஆள் இல்லை. வேளைக்குச் சூப்பு கொண்டுபோகும் மரோத் ஒருத்திதான்.

புதுப் பிரபு தன் ஆட்களோடு வந்து இறங்கினார். கோலாருக்கு வேலை போனது. கோட்டைப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து கொடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே சூடேறவே இல்லை. செங்கல் சுட்டு வைத்துப் பார்த்தாள் மரோத். செங்கல்தான் ஆறியது.

முதல் பனி விழுவதற்கு முந்தின இரவு. மரோத் துக்க அறை வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். படியில் சத்தம்.

டக்… சப்.

டக்… சப்.

ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். அவள் எழுந்து பார்த்தாள். படியில் யாரும் இல்லை. கதவு திறக்கவில்லை. கருகிய அரக்கு நாற்றம் மட்டும் அவளைத் தாண்டிப் போயிற்று. பிறகு உள்ளே… சீமாட்டி பேசுகிறாள். நிறுத்துகிறாள். பதில் கேட்பதுபோல் ஒரு நேரம். சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு தினமும். மரோத் போய் மாமனிடம் சொன்னாள். அவர் போர்வையை விலக்கி வலது பாதத்தைக் காட்டினார். உள்ளங்காலில் கறுப்புக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. இரவு முழுக்க அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவரால் தாங்க முடியவில்லை. துக்க அறைக்குள் போய் மண்டியிட்டார். மரோத் சூப்புக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றாள்.

“அம்மணி, நான் கால் வெச்சப்பவே அவர் செத்துட்டாரு. எனக்குத் தெரிஞ்சே செஞ்சேன். உங்க வாழ்க்கையையே பாழாக்கிட்டேன்.”

“தெரியும்,” என்றாள் ஜாக்மீன். “மொத ராத்திரியே சொல்லிட்டாரு.”

“என் மேல கோவம் இல்லையா?”

“இருந்துச்சு. ஆனா எனக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்துன ஒரே ஆளு அவருதான். உசுரோட இருக்கிற ஒருத்தரும் காப்பாத்தலையே.” கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். “பாவம், நொண்டி நொண்டி வர்றாரு. நீங்க குடுத்தது ஒரு கால்தானே? மிச்சத்தையும் கேக்குறாரு.”

கோலார் தன் வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க. உங்களையும் சேத்துதான் கூப்புடுறாரு. நீங்களும் தனியாத்தான் கெடக்கீங்களாமே.”

அன்று பகல் முழுக்க அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் அவரைத் தாண்டி ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவரும் நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் வெட்கம்தான். நானும் துணிக்கூடையோடு இரண்டு தடவை தாண்டிப் போனேன்.

சாயங்காலம் மரோத் ரொட்டி கொண்டுவந்தாள். “மாமா, ஊருக்குப் போயிடுவோம். அம்மா பாத்துக்குவா.”

“முப்பது வருஷத்துல என்னை வேணும்னு யாரும் கூப்ட்டதில்ல மரோத்,” என்றார் அவர். ரொட்டியை வாங்கி அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

அன்று இரவு காலடிச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. டக்… டக்… இரண்டு காலிலும் பூட்ஸ். மரோத் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கதவு வரை வந்து நின்றது. தோல் உரசும் சத்தம்… ஒரு பூட்ஸ் கழன்றது. இன்னொன்றும் கழன்றது. பிறகு,

சப்… சப்…

நொண்டல் இல்லை.

காலையில் கதவுக்கு வெளியே இரண்டு பூட்ஸும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே காலுறை மடித்து வைத்திருந்தது. கோலாரைக் காணவில்லை. கோட்டை வாசல் காவலர்கள் யாரும் வெளியே போகவில்லை என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். அறைக்குள் சீமாட்டி தனியாக, நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

அவள் அப்புறம் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்றைக்கும் மூன்று தட்டு வைக்கச் சொல்கிறாளாம்.

சிரிக்காதே லாம்பேர். உன் எஜமானரிடம் போய்ச் சொல். காலை வைக்கட்டும், எடுக்கட்டும். ஆனால் அந்தப் பெண் எதைக் கேட்டாலும் வாயைத் திறக்க வேண்டாம்.

அந்தப் பூட்ஸையா கேட்கிறாய்? மரோத் அதைத் தொடப் பயந்து, எடுத்துத் துடைத்து வைக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டாள். வலது பூட்ஸுக்குள் கையை விட்டேன். பனிக்கட்டி. இடது பூட்ஸுக்குள் விட்டேன்…

இப்போதுதான் கழற்றியதுபோல் சூடாக இருந்தது. அவர் போய் அன்றைக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது.